பன்னிரண்டு கவர்

காஞ்சிபுரத்திலிருந்து மகாபலிபுரத்துக்கு ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு உட்கார்ந்தால், லைன் கிடைப்பதற்குள் ஒரு கடிதம் டைப் அடித்து முடித்துவிடலாம். அன்றைக்கு இந்திராணி மூன்று கடிதம் முடித்துவிட்டாள். நான்காவதற்குக் காகிதம் செருகும்போதுதான் மணி அடித்தது.

மறுமுனையில் கடற்கரை ஹோட்டலின் மேனேஜர். கடலைப் பார்த்தபடி சாப்பிடும் கூடம், வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், மெட்ராஸிலிருந்து காரில் வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் என்று திறந்த இரண்டு வருஷத்துக்குள் அந்த ஹோட்டலுக்குப் பெரிய பேர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே இடம் கிடைப்பது லேசில்லை.

"எத்தனை கவர் வேண்டும், மேடம்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

இந்திராணி மேஜைமேல் இருந்த தபால் கவர்க் கட்டைப் பார்த்தாள். "ஒரு கவர் போதும் சார். லெட்டர் ஒரு பக்கம்தான்."

மேனேஜர் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஒரு ஆளுக்கு ஒரு நாற்காலி, தட்டு, கத்தி, முள்கரண்டி, மூன்று தம்ளர், மடித்து வைத்த துணி. அத்தனையும் சேர்ந்தது ஒரு கவர். இந்திராணி அதைச் சுருக்கெழுத்து நோட்டில் குறித்துக்கொண்டு, "அப்படின்னா பத்து கவர் சார்" என்றாள். அன்றைக்குப் பத்துதான்.

அது 1972, ஜனவரி மாசக் கடைசி. இந்திராணி அந்தப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவாள். அவள் தெருவில் பள்ளியிறுதி தாண்டி, டைப்பிங் ஹையர் பாஸ் செய்த முதல் பெண். அவள் அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்த்தான் அவளைப் படிக்க வைத்தார்கள். மிஷன் பள்ளி சிஸ்டர்களிடம் படித்த இங்கிலீஷ் என்பதால் பேச்சு தடையில்லாமல் வரும். சங்கத்தில் வேறு யாருக்கும் அது வராததால், வெளிநாட்டுக் கடிதமெல்லாம் அவள் கையில்தான்.

சுவிட்சர்லாந்திலிருந்து கெல்லர் தம்பதி வருவதாகக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஜூரிக்கில் துணிக்கடை. பிப்ரவரி மாசம் இன்னும் இரண்டு பேருடன் வந்து ஒரு வாரம் மகாபலிபுரத்தில் தங்குவார்கள். ஆர்டர் பெரிசாக இருக்கும் என்று தெரிந்ததும் சங்கத் தலைவர் பரசுராமன், அவர்கள் தங்கும் ஹோட்டலிலேயே சங்கத்தின் பேரில் மத்தியான விருந்து கொடுப்பது என்று முடிவெடுத்தார்.

"நம்ம ஊருக்கே கூப்புட்டு வாழ எலையில போடலாமே சார்" என்று இந்திராணி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"இந்தச் சாக்கடயத் தாண்டிக்கினு கூட்டிக்கினு வரச் சொல்றியா? நீ ஹோட்டலுக்குப் போன் போடும்மா" என்றார் பரசுராமன்.

அவர் கொடுத்த பட்டியலில் விருந்தாளிகள் நாலு பேர், தலைவர், செயலாளர் காசிநாதன், இயக்குநர்கள் நாலு பேர். ஆக மொத்தம் பத்து. அதற்கு மறுவாரம் கெல்லர் அம்மாளிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இந்திராணி அதைக் காசிநாதனுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னாள். சங்கம் அனுப்பிய மாதிரிகளில் பதினேழாம் எண் துணியை நெய்தவரை எங்களோடு உட்கார வையுங்கள், அந்தத் துணியைப் பார்த்துத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம், அவரோடு பேசாமல் ஆர்டர் கொடுக்க எனக்கு மனசில்லை என்று எழுதியிருந்தது.

பரசுராமனுக்கு அது பிடிக்கவில்லை. "தறிக்காரன மேஜையில ஒக்கார வெச்சு நான் எதிர ஒக்காரணுமா?"

"லெட்டர்லயே கேட்டுட்டாங்க சார்" என்றார் காசிநாதன். நல்ல மனுஷர்தான். ஆனால் தலைவர் எதிரே அவர் குரல் எப்போதும் பாதியாகிவிடும். "கோர்வைத் துணி, கரையத் தனியா கோத்து நெய்யறது. புருசன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து நெய்ஞ்சது. ரெண்டு பேரா போட்டாத்தான் சரியா இருக்கும்."

பரசுராமன் மோவாயைத் தடவிக்கொண்டே, "போட்டுக்கோ" என்றார்.

இந்திராணி மறுபடி ட்ரங்க் கால் பதிவு செய்தாள். "பன்னிரண்டு கவர் சார்" என்று சொல்லும்போது அவளுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

இடம் பிடித்தால் மட்டும் முடிந்துவிடவில்லை. மேனேஜர் உணவுப் பட்டியலைத் தபாலில் அனுப்பியிருந்தார். அதில் பாதிப் பெயர்கள் பிரெஞ்சு. ஒவ்வொன்றுக்கும் காசிநாதன், "இதுல என்னா மாமிசம் இருக்குது?" என்று கேட்டார். இயக்குநர்களில் இரண்டு பேர் சைவம். ஒருவருக்குப் பூண்டு ஆகாது. கெல்லருடன் வருகிறவரில் ஒருவர் மீன் தொடமாட்டார். சிங்கி இறால் வேண்டுமென்றால் படகுக்காரர்களிடம் மூன்று நாள் முன்னால் சொல்லியாக வேண்டும். யாருக்கு எது, எது முதலில், எது கடைசியில் என்று இந்திராணி கட்டம் போட்டு அடித்து அனுப்பினாள். மேஜையில் ஒவ்வொரு இடத்திலும் பெயர் எழுதிய சின்ன அட்டை வைப்பது வழக்கம், பெயர்களை அனுப்பவும் என்று மேனேஜர் எழுதினார். அதையும் அடித்தாள். பதினோராவது பூவராகவன். பன்னிரண்டாவது மணியம்மாள்.

விஷயத்தைச் சொல்ல அவளே பிள்ளையார்பாளையம் போனாள். பூவராகவன் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், தறியின் வலது ஓரத்தில், அவர் மனைவி மணியம்மாள். ஊடை நூலைத் தள்ளும் நாடா சேலை உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கத்துக் கரைக்கும் தனித்தனி. வலதுபக்கக் கரை நாடா மணியம்மாள் கையில். அவள் தள்ளாவிட்டால் அவர் நெய்ய முடியாது.

"எங்களயா? ஹோட்டலுக்கா?" என்று கேட்டுவிட்டுப் பூவராகவன் மனைவியைப் பார்த்தார்.

மணியம்மாளுக்கு நாற்பது வயசிருக்கும். நாடாவை வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். "என்னா போடுவாங்க?"

இந்திராணி பட்டியலைச் சொன்னாள். மணியம்மாள் கேட்டுக்கொண்டே வந்து, "தயிர்சோறு ஒரு வாய் கெடைக்குமான்னு கேட்டு வைம்மா. மத்ததெல்லாம் சாப்ட்டுப் பாக்கலாம்" என்றாள். பிறகு, "அந்தம்மா எதுக்கு அந்தப் பதினேழ எடுத்துக்கிச்சு? அது சங்கத்துல குத்தம்னு தள்ளுன துணியாச்சே" என்றாள்.

"குத்தமா?"

மணியம்மாள் சொன்னாள். கடுகு நிற உடல், அரக்குக் கரை. உடலும் கரையும் சேரும் இடத்தில் பல் பல்லாகக் கோபுரம். முக்கால்வாசி நெய்தபோது கரைக்கு அரக்குப் பட்டு தீர்ந்துபோனது. சங்கத்தில் கேட்டால் சாயம் வரவில்லை என்று ஒன்பது நாள் இழுத்தடித்தார்கள். தறியைச் சும்மா போட்டு வைக்க முடியுமா? முந்தின சேலையில் மிஞ்சிய மயில்கழுத்து நிறப் பட்டு நூலை நாடாவில் போட்டு எட்டுக் கோபுரம் ஓட்டினாள். அந்த இடம் மட்டும் அரக்கும் நீலமுமாக இரண்டு நிறத்தில் மினுங்கியது. ஒரே இடத்தில் இருந்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும் என்று, அரக்குப் பட்டு வந்த பிறகும் அளந்து அளந்து மூன்று இடத்தில் அதையே போட்டாள். "நான் யோசன பண்ணிப் போட்டது. கலர் மாறிப்போச்சுன்னு கூலில புடிச்சாங்க. மாதிரித் துணின்னு மூட்டையில கட்டிப் போட்டாங்க. அத எடுத்துக்கினு போனாங்களா சீமைக்கு?"

அவள் சிரித்தாள். "அந்தம்மாகிட்ட நான் ஒண்ணு கேக்கணும். இந்தத் துணிய அங்க என்னா பண்றாங்கன்னு."

"நீங்களே கேளுங்க அக்கா. நான் சொல்றேன் அவங்களுக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் நில்லுங்கள், வேன் வரும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு இந்திராணி சங்கத்துக்கு வந்தபோது வேன் நின்றுகொண்டிருந்தது. பரசுராமனின் மச்சான் அப்பாதுரை புதுச் சில்க் ஜிப்பாவில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் வைத்திருப்பது அரிசி மில். பின்னால் அவர் மனைவி காந்தா, தலை நிறையப் பூவோடு.

இந்திராணி காசிநாதன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள். "இவங்களுக்குக் கவர் இல்லயே சார். பன்னெண்டுதான சொன்னோம்?"

காசிநாதன் வேன் டயரைப் பார்த்தார். பரசுராமன்தான் சொன்னார். "பன்னெண்டுதான். கூடலயே. இன்னிக்கு அவருதான் பூவராகவன், எங்க தங்கச்சிதான் மணியம்மா. வெள்ளக்காரனுக்கு என்னா தெரியும்? அவனுக்கு ஒரு தறிக்காரன் வேணும், ஒக்கார வெச்சிட்டாப் போச்சு. அந்த ஆளு ஸ்பூன கைல புடிச்சிக்கினு முழிச்சான்னா சங்கத்து மானம் போவும்."

"தெருமுனையில நிக்கறாங்களே சார்."

"நின்னா நின்னுட்டுப் போறாங்க. வண்டி வர்லன்னு தெரிஞ்சா வீட்டுக்குப் போவ மாட்டாங்களா? நீ ஏறும்மா, மொழிபெயர்க்க ஆள் வேணும்."

அவள் ஏறினாள். இதைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்து அவள் தன்மேலேயே எரிந்து விழுந்திருக்கிறாள். அப்போது, வேலை நிரந்தரமாகும் காகிதம் தலைவர் கையெழுத்துக்காகக் காத்திருந்ததுதான் அவள் மனசில் இருந்தது. வேன் பிள்ளையார்பாளையம் பக்கமே போகாமல் செங்கல்பட்டு ரோட்டில் திரும்பியது. மணி எட்டைத் தாண்டியது. எட்டரை ஆனது. அப்பாதுரை வழியெல்லாம், "தறின்னா முதல்ல என்னா மச்சான், பாவா ஊடையா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார். இயக்குநர்களும் சிரித்தார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் ஒரு காலத்தில் தறியில் உட்கார்ந்தவர்கள்தான்.

ஹோட்டலில் எல்லாம் சொன்னபடி இருந்தது. கடலுக்கு நேராக நீள மேஜை. பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு தட்டு, பன்னிரண்டு அட்டை. இந்திராணிக்கு நாற்காலி இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. பட்டியலை அடித்தது அவள்தான். தலைவர் கொடுத்த பெயர்களில் அவள் பெயர் இல்லை, அவளும் கேட்கவில்லை. "நீ அந்தம்மா பின்னால நின்னுக்கோ" என்றார் பரசுராமன்.

கெல்லர் அம்மாள் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். உட்காரும் முன்னால் திரும்பி, இந்திராணியைக் காட்டி, "இவருக்கு நாற்காலி?" என்று கேட்டார்.

"ஃபாஸ்டிங், மேடம். ஃபாஸ்டிங்" என்றார் காசிநாதன், அவசரமாக.

இந்திராணி காலையில் ஒரு டம்ளர் காப்பி குடித்ததோடு சரி. சூப் வந்தது. வெண்ணெயில் வாட்டிய மீன் வந்தது. ஒவ்வொன்றும் அவள் போட்ட கட்டத்தின்படியே, சைவம் சைவக்காரருக்கும், பூண்டில்லாதது பூண்டு ஆகாதவருக்கும், கொஞ்சமும் பிசகாமல் வந்தது. நின்றுகொண்டே பார்த்தாள். பணியாள் ஒருவர் பன்னிரண்டாம் இடத்தில் மட்டும் ஒரு கிண்ணம் தயிர்சாதத்தைத் தனியாகக் கொண்டுவந்து வைத்தார். காந்தா அதைப் பார்த்து, "இது யாரு கேட்டது?" என்றாள். இந்திராணி வேறு பக்கம் பார்த்தாள்.

காந்தா மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருமுறை தலையைத் தூக்கி, "நெசமாவே வெரதமாம்மா நீ?" என்று மெல்லக் கேட்டாள். புருஷன் முழங்கையால் இடித்ததும் குனிந்துகொண்டாள்.

கெல்லர் அம்மாள் பூவராகவன் என்ற அட்டைக்குப் பின்னால் இருந்தவரிடம் பேச ஆரம்பித்தார். எத்தனை வருஷமாக நெய்கிறீர்கள்? முப்பது என்றார் அப்பாதுரை. இந்திராணி முப்பது என்றாள். உங்கள் அப்பாவும் நெசவாளரா? பரம்பரை பரம்பரையாக என்றார். இந்திராணி அதையும் சொன்னாள். இருவரில் யார் எந்தப் பக்கம் உட்காருவீர்கள்? அப்பாதுரை சிங்கி இறாலின் ஓட்டை உடைத்துக்கொண்டே, "நான் மேல, அவ கீழ" என்று சொல்லிச் சிரித்தார். மேஜையில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். இந்திராணிக்குக் காது மடல் சுட்டது. "இவர் நடுவில், அவர் வலது ஓரத்தில்" என்று தானே ஒரு பதிலைச் சொன்னாள். பொய்யனுக்கு முட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது.

கெல்லர் அம்மாள் பையிலிருந்து பதினேழாம் துணியை எடுத்தார். தட்டை நகர்த்திவிட்டு மேஜைமேல் விரித்தார். அரக்குக் கரையில் எட்டுக் கோபுரம் நீலமாக மினுங்கிய இடத்தில் விரலை வைத்தார்.

"எங்கள் கடையில் நூற்றுக்கணக்கான மாதிரிகள் இருக்கின்றன. இந்த இடத்துக்காகத்தான் இதை எடுத்தேன். அன்றைக்கு என்ன நினைத்து நிறத்தை மாற்றினீர்கள் என்று கேளுங்கள்."

இந்திராணி கேட்டாள். அப்பாதுரை எட்டிப் பார்த்தார். "இதுவா? தப்பு நெசவு. கூலிக்கு வந்தவ எவளாவது தூங்கி வழிஞ்சிருப்பா. புடிச்சி வெரட்டி வுட்டாச்சு, இனிமே இந்த மாதிரி வராதுன்னு சொல்லு."

கெல்லர் அம்மாள் அண்ணாந்து அவளைப் பார்த்துக் காத்திருந்தார். "சொல்லும்மா" என்றார் பரசுராமன்.

"அவர் சொன்னதை நான் சொல்ல மாட்டேன்" என்றாள் இந்திராணி இங்கிலீஷில். "இவர் பூவராகவன் இல்லை. அரிசி மில் வைத்திருக்கிறார். அவர் மணியம்மாள் இல்லை. அவர்கள் இரண்டு பேரையும் நான்தான் அழைத்தேன். காலை எட்டு மணியிலிருந்து தெருமுனையில் நிற்கிறார்கள். இந்த நீலம் தப்பு இல்லை. பட்டு தீர்ந்துபோனபோது மணியம்மாள் யோசித்துப் போட்டது. அதற்காகச் சங்கம் அவள் கூலியைப் பிடித்தது. இந்த மேஜையில் உங்களைத் தவிர எல்லாருக்கும் இது தெரியும்."

பரசுராமனுக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. 'ரைஸ் மில்' தெரிந்தது. "என்னா சொன்னே?"

"உள்ளதச் சொன்னேன் சார்."

"வேல வேணுமா வேணாமா ஒனக்கு?"

"அத அப்புறம் பாக்கலாம் சார். மொதல்ல அந்த நாற்காலியில இருந்து அவர எழுந்திருக்கச் சொல்லுங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. காந்தா மட்டும் தன் முன்னால் இருந்த அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

கெல்லர் அம்மாள் கத்தவில்லை. துணியை நிதானமாக மடித்தார். "நீங்கள் விரதமா?" என்று இந்திராணியிடம் கேட்டார். இல்லை என்றாள். "அவர்களிடம் போவோம்" என்று அம்மாள் எழுந்தார். கெல்லர் தன் சிங்கி இறாலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு அவரும் எழுந்தார்.

ஹோட்டல் காரில் கெல்லர் தம்பதியும் இந்திராணியும் காஞ்சிபுரம் வந்து சேரும்போது மணி நாலு. வழியில் திருக்கழுக்குன்றத்தில் வாங்கிய வாழைப்பழம்தான் இந்திராணிக்கு அன்றைய முதல் சாப்பாடு.

பிள்ளையார்பாளையத்தில் கார் நுழைய முடியாத தெரு. நடந்து போனார்கள். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்களைப் பார்த்ததும் பூவராகவன் பதறி எழுந்தார். மணியம்மாள் எழுந்திருக்கவில்லை. கொண்டையில் காலையில் வைத்த பூ வாடிக் கிடந்தது. உடுத்தியிருந்தது வீட்டுச் சேலை.

"பன்னெண்டு மணி வரைக்கும் நின்னோம்" என்றாள், யாரையும் பார்க்காமல். "போறவன் வர்றவன்லாம் எங்க பயணம்னு கேக்கறான். ஹோட்டலுக்கு விருந்துன்னு இவரு பெருமையா சொல்லிக்கினு நிக்கறாரு. வெயில்ல நின்னுட்டு வந்து பழய சோறு தின்னோம். இந்தத் தெருவுல நாளைக்கு நான் எப்படித் தல நிமுந்து தண்ணிக்குப் போவேன்?"

"அக்கா, அவங்க உங்களுக்குப் பதிலா..."

"தெரியும். சங்கத்து வாட்ச்மேன் வந்து சொல்லிட்டுப் போயிட்டான்." அப்போதுதான் இந்திராணியை நிமிர்ந்து பார்த்தாள். "நீயும் அந்த வேன்லதான போன?"

மேஜையில் பேசியதையெல்லாம் இந்திராணி சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "ஆமா அக்கா. போனேன்."

மணியம்மாள் வந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "இவங்க எதுக்கு வந்திருக்காங்க? வேடிக்க பாக்கவா? நான் சொன்னத அப்படியே சொல்லு அவங்களுக்கு. ஒரு வார்த்த கொறைக்காத."

இந்திராணி சொன்னாள். பழைய சோறு, வெயில், தண்ணிக்குப் போகும் தெரு, எதையும் விடவில்லை. கெல்லர் அம்மாள் முழுக்கக் கேட்டார். பிறகு தறிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். என் பேரைச் சொல்லித்தான் உங்களை அவமானப்படுத்தியிருக்கிறார்கள், எனக்கும் வெட்கமாக இருக்கிறது என்றார். துணியை விரித்து நீலக் கோபுரத்தைக் காட்டினார்.

மணியம்மாள் நாடாவைக் கீழே வைத்தாள். அவள் கோபம் தணியவில்லை, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "இத வெச்சி அங்க என்னா பண்றாங்க?"

"சாயங்கால விருந்துக்குப் போட்டுக்கற கோட்டு தைக்கறாங்களாம் அக்கா."

"கோட்டா? அப்போ கத்திரி போடுவாங்களா? கோர்வையிலயா?" மணியம்மாள் தறிக்குழியிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "கோபுரத்துல கத்திரி பட்டா நூல் நூலாப் பிரிஞ்சிக்கினு வந்துரும்னு சொல்லு. நாங்க ரெண்டு பேரு சேந்து கோத்தத ஒருத்தன் வெட்டுவானா? எந்த எடத்துல வெட்டுவாங்க, கேளு."

கெல்லர் அம்மாள் தன் மேல்சட்டையைக் கழற்றித் துணிமேல் வைத்துக் காட்டினார். மணியம்மாள் சாணால் அளந்தாள். வெட்டும் இடத்தில் கரை வராமல், கோபுரம் கை ஓரத்திலும் கழுத்திலும் விழும்படி நெய்யலாம், அதற்கு அளவு இப்படியில்லை இப்படி என்று இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் தள்ளிவிட்டுப் பேசினார்கள். பல இடங்களில் இந்திராணி இல்லாமலேயே புரிந்துகொண்டார்கள். வெளிச்சம் மங்கும்வரை அது நடந்தது. பூவராகவன் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். ஆர்டரை இரண்டு பெயரிலும் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கெல்லர் அம்மாள் கிளம்பினார். மணியம்மாள் தெருமுனைவரை கூடவே போனாள். காலையில் நின்ற அதே இடத்தில் வேண்டுமென்றே பத்து நிமிஷம் நின்று பேசிவிட்டுத்தான் அவரை அனுப்பினாள்.

மறுநாள் காலை இந்திராணி மேஜைமேல் மெமோ இருந்தது. சங்கத்தின் நலனுக்கு ஊறு விளைவித்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

"மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துரும்மா" என்றார் காசிநாதன். "நானே சொல்லி முடிச்சி வெச்சிர்றேன்."

"மன்னிப்பு கேக்கறதா இருந்தா மணியம்மாகிட்டதான் சார் கேக்கணும். அத நான் கேட்டுட்டேன். நீங்க எப்பக் கேக்கப் போறீங்க?"

காசிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்ச் மாசத்தோடு அவள் வேலை நீட்டிக்கப்படவில்லை. அந்த உத்தரவைக்கூட அவளையே டைப் அடிக்கச் சொன்னார்கள். அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

ஜூன் மாசம், கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு மனு எழுதும் கடையில் அவள் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது மணியம்மாள் வந்து எதிரே உட்கார்ந்தாள். மன்னிப்பை இந்திராணி அந்த ஞாயிறன்றே வீட்டுக்குப் போகும் முன்னால் கேட்டிருந்தாள். மணியம்மாள் அப்போது "சரி போ" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ஆர்டர் வந்துவிட்டது. இரண்டு பெயரிலும்தான் வந்தது. ஆனால் மணியம்மாள் சங்கத்து உறுப்பினர் இல்லை, உறுப்பினர் பூவராகவன்தான், அதனால் என்று சங்கத்தில் அவள் பெயரைக் கோடிட்டு நீக்கிவிட்டுப் பதிந்தார்கள்.

"ரெண்டாவது தடவையா என் பேர எடுக்கறாங்க" என்றாள் மணியம்மாள். "பொம்பளய சேக்க மாட்டாங்களாமே, சட்டமாம். அப்படியா?"

"இல்ல அக்கா. அந்தச் சட்ட விதிய நான் பத்து காப்பி அடிச்சிருக்கேன். தறியில வேல செய்யற, பதினெட்டு வயசு நெறஞ்ச எவரும்னுதான் இருக்குது. ஆம்பளன்னு எங்கயும் இல்ல."

"அப்போ எழுது."

இந்திராணி காகிதம் செருகி அடித்தாள். முடித்துவிட்டுப் படித்துக் காட்டினாள். வலதுபக்கக் கரை நாடா, இருபத்திரண்டு வருஷம், பதினேழாம் எண் துணி, எல்லாம் இருந்தது. 'ஆகவே என்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிந்தது.

மணியம்மாள் கையை நீட்டித் தடுத்தாள். "அது என்னா வார்த்த, பணிவுடன்?"

"எல்லா மனுவுலயும் போடுவாங்க அக்கா. வழக்கம்."

"நான் என்னா யாசகமா கேக்கறேன்? அத எடு."

அழித்தால் அசிங்கமாகத் தெரியும் என்று இந்திராணி புதுக் காகிதம் எடுத்து முதலிலிருந்து அடித்தாள். மணியம்மாள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தானே கொண்டுபோய்க் காசிநாதன் கையில் கொடுத்து, முத்திரை வைத்த ரசீது வாங்கிக்கொண்டாள்.

பதில் வர எட்டு மாசம் ஆனது. இடையில் இரண்டு நினைவூட்டுக் கடிதம், ஒரு புகார் மனு. கடைசியில் வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். பரசுராமன் தலைவராகவே இருந்தார். ஆனால் அடுத்த மாசமே மணியம்மாளின் தெருவிலிருந்து எல்லம்மாள் என்று ஒருத்தி, தனக்கும் அதே மனு வேண்டும் என்று மனுக் கடைக்கு இந்திராணியைத் தேடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பெண்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். இந்திராணி உள்ளே போய் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுக் காகிதத்தைச் செருகினாள்.